பெயரில் ‘தொழில்நுட்பம்’ இருந்த குவீன்ஸ்டவுன் பள்ளி: எழுபது ஆண்டுகளில் ஒரு சொல் ஏறியதும் இறங்கியதும்

ஒவ்வோர் ஆண்டும் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு முடிவுகள் வெளியாகும்போது உறவினர்களும் அண்டைவீட்டாரும் தவறாமல் கேட்கும் கேள்விகள் இரண்டு. எத்தனை புள்ளி? எந்தப் பள்ளி? சில ஆண்டுகளுக்கு முன்புவரை மூன்றாவது கேள்வி ஒன்றும் இருந்தது. விரைவுநிலையா, வழக்கநிலையா? வழக்கநிலை என்றால் ஏட்டுக்கல்வியா, தொழில்நுட்பமா? கடைசிச் சொல்லைச் சொல்ல நேர்ந்த பெற்றோர் பலர் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார்கள்.

2024ஆம் ஆண்டு உயர்நிலை ஒன்றில் சேர்ந்த மாணவர்களிலிருந்து அந்தப் பிரிவுகள் எடுக்கப்பட்டுவிட்டன. முழுமையான பாட அடிப்படையிலான வகைப்படுத்தும் முறையின்கீழ் அவர்கள் படிக்கிறார்கள். அந்த முதல் தொகுதி 2027ல் சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் தேர்வை எழுதும். சாதாரண நிலை, வழக்கநிலை என்று இரண்டாக இருந்த தேர்வுகளுக்குப் பதிலாக எல்லாருக்கும் ஒரே சான்றிதழ் கிடைக்கும்.

பிரிவின் பெயரை எடுத்துவிட்டால் பிரிவினை போய்விடுமா? பெற்றோர் பலருக்கும் இருக்கும் ஐயம் இது. இதற்குப் பதில் தேட குவீன்ஸ்டவுனில் உள்ள ஓர் அக்கம்பக்கப் பள்ளியின் கதை உதவும். இன்று குவீன்ஸ்டவுன் உயர்நிலைப் பள்ளி என்று அழைக்கப்படும் அது, 1956ல் தொடங்கப்பட்டபோது குவீன்ஸ்டவுன் உயர்நிலைத் தொழில்நுட்பப் பள்ளி என்ற பெயரைத் தாங்கியிருந்தது. அன்று பெயர்ப்பலகையில் பெருமையோடு எழுதப்பட்ட அதே சொல்தான் நாற்பது ஆண்டுகளுக்குள் பெற்றோர் சொல்லத் தயங்கும் சொல்லானது.

புதிய நகர், புதிய பள்ளி

குவீன்ஸ்டவுன் சிங்கப்பூரின் முதல் துணைநகரம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறப்பதற்கு முன்பே, சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை 1950களின் தொடக்கத்தில் இந்நகரைத் திட்டமிட்டது. 1953ல் நடந்த இரண்டாம் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவை ஒட்டி இந்தப் பெயர் வந்தது. மார்கரெட் டிரைவ், டச்சஸ், காமன்வெல்த், ஸ்ட்ராத்மோர் என்று தெருப்பெயர்களிலும் பிரிட்டிஷ் வாசனை. 1956ல் கட்டி முடிக்கப்பட்ட 14 மாடி ஃபோர்ஃபர் ஹவுஸ், அன்றைய பொதுக் குடியிருப்புக் கட்டடங்களிலேயே ஆக உயரமானது. 1960ல் அறக்கட்டளையின் பணியை ஏற்ற வீவக தன் முதல் அடுக்குமாடி வீடுகளை இதே நகரின் ஸ்டெர்லிங் ரோட்டில்தான் கட்டி முடித்தது. நாட்டின் முதல் கிளை நூலகமும் 1970ல் இங்குதான் திறக்கப்பட்டது.

இந்த நகருக்குள் ஒரு தொழில்நுட்பப் பள்ளி வந்தது தற்செயல் அன்று. 1957ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 1.45 மில்லியன். அதில் சிறுவர்களும் இளையர்களும் பெருமளவில் இருந்தனர். துறைமுக வணிகத்தையும் பிரிட்டிஷ் படைத்தளங்களையும் மட்டும் நம்பி இத்தனை பேருக்கும் வேலை கொடுக்க முடியாது என்பது காலனித்துவ அரசாங்கத்துக்கே தெரிந்திருந்தது. 1954ல் அமைக்கப்பட்ட சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரி 1959ல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. அதற்கு மாணவர்களை அனுப்பக்கூடிய உயர்நிலைப் பள்ளிகளும் தேவைப்பட்டன. குவீன்ஸ்டவுன், தஞ்சோங் காத்தோங் தொழில்நுட்பப் பள்ளிகள் அந்தக் காலகட்டத்தில் வந்தவை.

கணக்கு, அறிவியலோடு மரவேலை, உலோகவேலை, பொறியியல் வரைபடம் ஆகியவற்றையும் கற்றுத்தருவது அத்தகைய பள்ளிகளின் முறை. எழுத்தர் வேலைக்குப் போவதுதான் படிப்பின் இலக்கு என்றிருந்த காலத்தில், மேசையில் அமர்ந்து எழுதும் கையும் அரம் பிடிக்கும் கையும் ஒன்றாக இருக்கலாம் என்று அவை சொல்லின. அவற்றில் சேர்வதைத் தோல்வியாக யாரும் பார்க்கவில்லை.

தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள்

குவீன்ஸ்டவுனில் தமிழர்களின் வாழ்க்கை அடுக்குமாடி வீடுகளோடு தொடங்கவில்லை. மலாயா ரயில்வேயில் வேலைசெய்த தமிழர்கள் அதற்கு முன்பே அந்தப் பாதையோரம் வாழ்ந்தார்கள். குவீன்ஸ்வே பகுதியில் 1932ல் அந்தத் தொழிலாளர்கள் எழுப்பிய சிறு வழிபாட்டிடம்தான் இன்று காமன்வெல்த் டிரைவில் உள்ள ஸ்ரீ முனீஸ்வரன் கோயில். தங்ளின் ஹால்ட் என்ற பெயரே அங்கு ரயில் நின்று சென்றதால் வந்தது. 2011 ஜூன் 30ஆம் தேதி தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் புறப்பட்ட பிறகு தண்டவாளம் போய்விட்டது. பாதை மட்டும் பசுமை நடைபாதையாக இருக்கிறது. கோயிலும் இருக்கிறது.

தண்டவாளம் பதிப்பதும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பதும் கம்பிவடம் இழுப்பதும் தொழில்நுட்ப வேலைகள்தாம். இந்தத் தீவில் அவற்றைச் செய்தவர்களில் நம் முன்னோர் பலர் உண்டு. ஆனால் அந்த வேலைக்கு அன்று சான்றிதழ் கிடையாது. பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் படிப்பு. தகப்பன் கையால் செய்த வேலையை மகன் வகுப்பறையில் கற்று, தாளில் வரைந்து, தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற முடியும் என்ற நிலையைத் தொழில்நுட்பப் பள்ளிகள் உருவாக்கின. கூலி வேலைக்கும் தொழில்நுட்பர் வேலைக்கும் இடையில் இருந்த சுவரில் அவை ஒரு கதவு.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இந்தச் சொல்லில் இழிவு எதுவும் தெரியாது. தொழில் என்றால் செயல், நுட்பம் என்றால் நுண்மை, கூர்மை. நுண்ணிய அறிவோடு செய்யும் செயல் என்பதே இதன் பொருள். இழிவு அகராதியிலிருந்து வரவில்லை. அது வேறொரு வழியாக வந்தது.

நாடே பட்டறைக்குள் போன ஆண்டு

1965ல் நாடு தனித்து நின்றது. 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை 1971க்குள் மீட்டுக்கொள்வதாக அறிவித்தது. படைத்தளங்களை நம்பியிருந்த குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்களும் ஏராளம். மறுபக்கம், 1961ல் தொடங்கிய ஜூரோங் தொழிற்பேட்டைக்குத் தேர்ச்சிபெற்ற கைகள் தேவைப்பட்டன.

அதனால் 1969ல் பெரிய மாற்றம் ஒன்று வந்தது. உயர்நிலை ஒன்று, இரண்டில் படிக்கும் பையன்கள் அனைவரும் தொழில்நுட்பப் பாடங்களைப் படிக்க வேண்டும் என்றானது. மாணவிகளிலும் பாதிப்பேருக்கு அந்த வாய்ப்பு தரப்பட்டது. எல்லாப் பள்ளிகளிலும் பட்டறை இல்லாததால் மத்தியப் பட்டறைகள் அமைக்கப்பட்டு, மாணவர்கள் அங்கு சென்று கற்றார்கள். குவீன்ஸ்டவுன் போன்ற பள்ளிகள் 1956ல் தொடங்கிய பாடத்தை 13 ஆண்டுகளில் நாடு முழுவதும் படித்தது.

குவீன்ஸ்டவுனுக்கு இதில் இன்னொரு பங்கும் உண்டு. 1965ல் ஸ்டெர்லிங் ரோட்டில் பஹாருடின் தொழிற்பயிற்சிக் கழகம் திறக்கப்பட்டது. கைவினை, வடிவமைப்பு ஆகியவற்றைக் கற்பித்த அந்தக் கழகத்தின் படிப்புகள் 1990ல் தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியின் வடிவமைப்புப் பள்ளிக்குச் சென்றன. நாட்டின் வடிவமைப்புக் கல்வியின் வேர்களில் ஒன்று இந்த நகரில் இருக்கிறது.

அந்த ஆண்டுகளில் ‘தொழில்நுட்பம்’ என்றால் தொழிற்சாலை, தொழிற்சாலை என்றால் மாதச் சம்பளம், சம்பளம் என்றால் வீவக வீடு. பெற்றோருக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சொல் இறங்கிய விதம்

1979ல் டாக்டர் கோ கெங் சுவீ தலைமையிலான குழு கல்வி பற்றிய அறிக்கையை வெளியிட்டது. பிள்ளைகள் பலர் பாதியில் பள்ளியைவிட்டு நின்றுவிடுவதும், இரு மொழிகளிலும் தடுமாறுவதும் அறிக்கையின் முக்கியக் கவலைகள். ஒரே வேகத்தில் எல்லாரையும் ஓட்ட முடியாது என்பது அதன் முடிவு. 1980களின் தொடக்கத்தில் உயர்நிலைப் பள்ளிகளில் சிறப்பு, விரைவு, வழக்கநிலை என்று பிரிவுகள் வந்தன. 1992ல் தொழில்நுட்பக் கல்விக் கழகம் அமைக்கப்பட்டது. 1994ல் வழக்கநிலை இரண்டாகப் பிரிந்தது: ஏட்டுக்கல்வி, தொழில்நுட்பம்.

இந்த முறை பயனே தரவில்லை என்று சொல்வது நியாயமாகாது. பாதியில் நின்றுவிடும் மாணவர்களின் விகிதம் இன்று ஒரு விழுக்காட்டிற்கும் குறைவு. முன்பு தொடக்கநிலையோடு படிப்பை விட்டிருக்கக்கூடிய பிள்ளைகள் பத்தாண்டுகளாவது பள்ளியில் இருந்தார்கள், கையில் ஒரு சான்றிதழோடு வெளியே வந்தார்கள். நம் சமூகத்திலும் அப்படிப் பயன்பெற்றவர்கள் பலர் இருக்கிறார்கள்.

ஆனால் பெயர் வைத்ததில் ஒரு விலை இருந்தது. 1956ல் கணக்கும் அறிவியலும் பட்டறையும் சேர்ந்த ஒரு கல்விக்கு வைத்த பெயரை, 1994ல் தேர்வில் ஆகக் குறைந்த புள்ளி பெற்ற பிள்ளைகளின் பிரிவுக்கு வைத்தார்கள். அதுமுதல் தொழில்நுட்பம் என்ற சொல் ஒரு பாடத்தைக் குறிக்காமல் ஒரு பிள்ளையின் தரத்தைக் குறிக்கத் தொடங்கியது. அந்தப் பிரிவில் இருந்த தமிழ் மாணவர்கள் படித்தது ‘அடிப்படைத் தமிழ்’. தாய்மொழியில் கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும், பிரிவு எதுவோ அதற்கேற்ற தமிழ்தான் பொதுவாகக் கிடைத்தது.

பள்ளிகளின் பெயர்களிலிருந்தும் அந்தச் சொல் காலப்போக்கில் உதிர்ந்தது. குவீன்ஸ்டவுன் உயர்நிலைத் தொழில்நுட்பப் பள்ளி, குவீன்ஸ்டவுன் உயர்நிலைப் பள்ளி ஆனது.

இதே காலத்தில்தான் இந்திய மாணவர்களின் கல்வித் தேர்ச்சி தேசிய அளவுக்குப் பின்தங்கியிருப்பது சமூகத்தின் பெருங்கவலையானது. அந்தக் கவலையிலிருந்து 1991ல் சிண்டா பிறந்தது. சம்பளத்திலிருந்து மாதந்தோறும் நம்மில் பலர் கொடுக்கும் சிறு தொகைதான் அதன் துணைப்பாட வகுப்புகளுக்கு அடித்தளம். சமூகம் அன்று பிள்ளைகளை மேலே தூக்கிவிட முனைந்தது சரிதான். ஆனால் எது மேல், எது கீழ் என்ற அளவுகோலை நாம் கேள்வி கேட்கவில்லை. வழக்கநிலை தொழில்நுட்பத்துக்குப் போய்விடக் கூடாது என்பதே பல வீடுகளில் இலக்கானது. போய்விட்ட பிள்ளையிடம் என்ன சொல்வது என்று யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை.

ஏட்டில் வந்த சமத்துவம்

குவீன்ஸ்டவுன் பள்ளி தொடங்கிய அதே 1956ல் இன்னொன்றும் நடந்தது. சீனக் கல்வி பற்றி ஆராய்ந்த அனைத்துக் கட்சிக் குழு, ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிவழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. தமிழ்வழிப் பள்ளிக்கும் ஆங்கிலவழிப் பள்ளிக்கும் அரசாங்கத்தின் பார்வையில் ஒரே மதிப்பு என்பது நமக்குப் பெரிய வெற்றி.

அந்தச் சமத்துவம் என்ன ஆனது? உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைப் பாருங்கள். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946ல் தொடங்கிய பள்ளி அது. உயர்நிலைக் கல்வியைத் தமிழிலேயே தந்த ஒரே பள்ளியாக விளங்கியது. 1982ல் அது மூடப்பட்டது. எந்தச் சட்டமும் அதைக் கீழ்நிலைப் பள்ளி என்று சொல்லவில்லை. வேலைச் சந்தை சொல்லியது. ஆங்கிலம் தெரிந்தவருக்கு வேலையும் சம்பளமும் கூடுதல் என்று கண்ட பெற்றோர், பிள்ளைகளை ஆங்கிலவழிப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. குடும்பத்தின் எதிர்காலத்தைக் கணக்குப் போட்டு எடுத்த முடிவு அது. 1983ல் அதே பெயரில் தமிழ் மொழி நிலையம் தொடங்கப்பட்டது. தமிழ் கற்பிக்கப் போதிய மாணவர்கள் இல்லாத பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் இன்றும் அங்கு வந்து தமிழ் படிக்கிறார்கள்.

இன்று அந்த நிலையம் பீட்டி ரோட்டில் இருக்கிறது. சிண்டாவின் தலைமையகமும் அதே சாலையில்தான். தமிழ் எங்கே படிப்பது, படிப்பில் எப்படி முன்னேறுவது என்ற நம் சமூகத்தின் இரண்டு நீண்டகாலக் கேள்விகள் ஒரே சாலையில் அருகருகே நிற்கின்றன.

உமறுப் புலவர் பள்ளியும் குவீன்ஸ்டவுன் தொழில்நுட்பப் பள்ளியும் வெவ்வேறு வகைப் பள்ளிகள். ஆனால் இரண்டின் கதையும் ஒரே பாடத்தைத்தான் சொல்கிறது. ஒரு கல்விக்கு மதிப்பு சுற்றறிக்கையிலிருந்து வருவதில்லை. அதைப் படித்தவருக்குக் கிடைக்கும் வேலையிலிருந்தும் சம்பளத்திலிருந்தும் வருகிறது. பெற்றோர் அதைத்தான் முதலில் படிக்கிறார்கள்.

2024ல் மாறியது என்ன?

2019 மார்ச்சில் அன்றைய கல்வி அமைச்சர் ஓங் யி காங் நாடாளுமன்றத்தில் புதிய முறையை அறிவித்தார். இனி மூன்று தனித்தனி ஓடைகள் இல்லை, ஒரே அகன்ற ஆறு என்பது அவர் சொன்ன உவமையின் சாரம். 2020 முதல் சில பள்ளிகளில் சோதித்துப் பார்த்து, 2024ல் நாடு முழுவதும் நடைமுறைப்படுத்தினார்கள்.

இப்போது தேர்வு முடிவைப் பொறுத்து மாணவர் மூன்று சேர்க்கைக் குழுக்களில் ஒன்றின்வழி பள்ளிக்குள் வருகிறார். மொத்தப் புள்ளி 4 முதல் 20 வரை என்றால் மூன்றாம் குழு. 21, 22 என்றால் இரண்டாம் அல்லது மூன்றாம் குழு. 23, 24 என்றால் இரண்டாம் குழு. 25 என்றால் ஒன்று அல்லது இரண்டு. 26 முதல் 30 வரை முதல் குழு. அதற்கு ஆங்கிலத்திலும் கணிதத்திலும் குறைந்தபட்ச தேர்ச்சி வேண்டும்.

உள்ளே வந்த பிறகு குழுவின் பெயர் வகுப்புக்கு இல்லை. மூன்று குழு மாணவர்களும் ஒரே வகுப்பில் கலந்து அமர்கிறார்கள். பாடங்களை மட்டும் ஜி1, ஜி2, ஜி3 என்று தங்கள் திறனுக்கேற்ற நிலையில் படிக்கிறார்கள். கணிதத்தில் ஜி1 படிக்கும் பிள்ளை தமிழில் ஜி3 படிக்கலாம்.

தொடக்கநிலை உயர்நிலையில் ஆறு பாடங்களை எல்லாரும் ஒன்றாகவே படிக்கிறார்கள். பாடநேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இவற்றுக்குச் செல்கிறது. ஓவியம், இசை, உடற்கல்வி, நற்குணமும் குடியியல் கல்வியும், உணவும் பயனீட்டாளர் கல்வியும், வடிவமைப்பும் தொழில்நுட்பமும் ஆகியவை அந்த ஆறு.

கடைசி இரண்டைக் கவனியுங்கள். 1969ல் பையன்களைப் பட்டறைக்கு அனுப்பிய பாடத்தின் வாரிசுதான் வடிவமைப்பும் தொழில்நுட்பமும். மாணவிகள் படித்த மனையியலின் வாரிசு உணவும் பயனீட்டாளர் கல்வியும். நாற்பது ஆண்டுகளாகப் பிரிந்து படித்த பிள்ளைகளை மறுபடி ஒரே மேசையில் உட்கார வைக்க இடம் தேடியபோது, கல்வி அமைச்சு தேர்ந்தெடுத்த இடங்களில் ஒன்று பழைய பட்டறை. கையால் செய்யும் வேலையில் யார் எத்தனை புள்ளி வாங்கினார் என்பது தெரிவதில்லை என்பதே காரணமாக இருக்க வேண்டும்.

எது இன்னும் மாறவில்லை?

பெயர் போனாலும் மூன்று விஷயங்கள் மாறாமல் இருக்கின்றன.

முதலாவது, எண்கள் இருக்கின்றன. ஜி1, ஜி2, ஜி3 என்பதிலும் ஏறுவரிசை உண்டு. ‘பிள்ளை எந்த நிலை’ என்று கேட்டவர்கள் ‘எத்தனை ஜி3’ என்று கேட்கப் பழகிக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கும் அது தெரியும்.

இரண்டாவது, பள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு. ஒவ்வொரு பள்ளியும் நல்ல பள்ளி என்பது 2010களின் தொடக்கத்திலிருந்து கல்வி அமைச்சு வலியுறுத்திவரும் கருத்து. ஆனால் சேர்க்கைப் புள்ளியைப் பார்த்துத்தான் பல பெற்றோர் பள்ளியை எடைபோடுகிறார்கள். குவீன்ஸ்டவுன் வட்டாரத்திற்குள்ளேயே கெண்ட் ரிட்ஜில் தேசியப் பல்கலைக்கழகமும், டோவரில் சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரியும், ஒன்-நார்த்தில் ஆய்வு நிலையங்களும் இருக்கின்றன. டாசனில் பத்து லட்சம் வெள்ளிக்குமேல் விலைபோகும் மறுவிற்பனை வீவக வீடுகள் இருக்கின்றன. அதே நகரின் தங்ளின் ஹால்ட்டில் 2014ல் அறிவிக்கப்பட்ட 31 புளோக்குகளின் மறுமேம்பாட்டால் 3,480 வீடுகளின் குடும்பங்கள் இடம்பெயர நேர்ந்தது. இத்தனை வகைக் குடும்பங்களின் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கக்கூடிய இடம் அக்கம்பக்கப் பள்ளிதான். வசதி உள்ளவர்கள் அதைத் தாண்டி வேறிடம் தேடிப் போனால், வகுப்புக்குள் கலப்பது மட்டும் போதாது.

மூன்றாவது, சம்பளம். தொழில்நுட்பக் கல்விக் கழகம், பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழகம் ஆகியவற்றில் படித்து வெளிவருவோரின் தொடக்கச் சம்பளத்தில் தெளிவான இடைவெளி நீடிக்கிறது. வயது ஏற ஏற அது அகலவும் செய்கிறது. இதை அரசாங்கமும் மறைக்கவில்லை. 2024 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி, தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்த 30 வயதுக்கு உட்பட்டவர்கள் பட்டயப் படிப்பில் சேரும்போது உயர்கல்விக் கணக்கில் 5,000 வெள்ளியும், படித்து முடித்ததும் மத்திய சேம நிதிக் கணக்கில் 10,000 வெள்ளியும் பெறுவார்கள். நல்ல உதவிதான். ஆனால் அது ஒருவரை அடுத்த சான்றிதழுக்கு ஏற்றிவிடும் உதவி. அவர் ஏற்கெனவே கற்ற தொழிலுக்குக் கூடுதல் சம்பளம் தரும் உதவி வேறு. மின்தூக்கி பழுதுபார்ப்பவரும் குளிர்சாதனத் தொழில்நுட்பரும் தாம் செய்யும் வேலையிலேயே கௌரவமாக வாழ முடிகிறபோதுதான், 1956ல் இருந்த மதிப்பு அந்தச் சொல்லுக்குத் திரும்பும்.

பெற்றோர் கையில் உள்ளவை

சம்பள இடைவெளியைக் குறைப்பது அரசாங்கத்தின், முதலாளிகளின், வாடிக்கையாளர்களாகிய நம் எல்லாரின் வேலை. அதற்கு நாளாகும். இன்று உயர்நிலையில் இருக்கும் பிள்ளை அதுவரை காத்திருக்க முடியாது. புதிய முறை திறந்துவைத்துள்ள கதவுகள் எவை என்று தெரிந்துகொள்வது உடனடியாகச் செய்யக்கூடியது.

தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் பொதுநிலைப் பாடம் ஒன்றில் ஐந்தாம் அடைவுநிலையோ அதைவிட மேலோ பெற்றிருந்தால், முதல் அல்லது இரண்டாம் குழுவில் சேர்ந்த பிள்ளையும் அந்தப் பாடத்தை ஜி3 நிலையில் படிக்கலாம். முதல் குழு மாணவர் ஆறாம் அடைவுநிலை பெற்றிருந்தால் ஜி2 நிலையில் படிக்கலாம். ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி ஆகிய நான்குக்கும் இது பொருந்தும். பள்ளியில் சேர்ந்த பிறகு நன்றாகச் செய்தாலும் நிலையை உயர்த்திக்கொள்ள வாய்ப்பு உண்டு.

இதில் தமிழுக்கு ஒரு தனி இடம் இருக்கிறது. கணிதத்திலும் அறிவியலிலும் தடுமாறும் பிள்ளை தமிழில் நன்றாகச் செய்வதை ஆசிரியர்கள் அறிவார்கள். முன்பு அந்தப் பிள்ளைக்கும் அடிப்படைத் தமிழ்தான். இப்போது அதே பிள்ளை ஜி3 தமிழ் வகுப்பில் உட்கார முடியும். ‘நானும் மேல்நிலையில் ஒரு பாடம் படிக்கிறேன்’ என்று சொல்லிக்கொள்ளும் முதல் பாடமாகத் தமிழ் அமையலாம். 2020 கணக்கெடுப்பில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காட்டினர் மட்டுமே. 2010ல் அது 3.3 விழுக்காடாக இருந்தது. வீட்டில் தமிழ் பேசும் குடும்பத்துப் பிள்ளைக்கு இது ஒரு கூடுதல் படி. மொழிப்பற்றுக்காக மட்டுமன்றி, பிள்ளையின் முன்னேற்றத்துக்காகவும் வீட்டில் தமிழ் பேசலாம்.

உயர்கல்வி வழியும் கொஞ்சம் அகன்றிருக்கிறது. 2028 கல்வியாண்டு முதல் பலதுறைத் தொழிற்கல்லூரியின் முதலாண்டில் சேர, கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் ஐந்து பாடங்களில் ஒன்று ஜி2 நிலையில் இருக்கலாம். ஆகவே எல்லாப் பாடங்களையும் ஜி3க்கு உயர்த்தியே தீர வேண்டும் என்று பிள்ளையை நெருக்கத் தேவையில்லை. எந்தப் பாடத்தை உயர்த்துவது, எதை அப்படியே விடுவது என்று பள்ளியோடு பேசி முடிவெடுக்கலாம்.

பெற்றோர்-ஆசிரியர் சந்திப்பில் ‘என் பிள்ளை பரவாயில்லையா’ என்று பொதுவாகக் கேட்பதைவிட, மூன்று கேள்விகளைக் கேட்பது பயனளிக்கும். எந்தப் பாடத்தில் அடுத்த நிலைக்குப் போகத் தகுதி இருக்கிறது? அந்த முடிவு எப்போது, எதை வைத்து எடுக்கப்படும்? நிலை உயர்ந்த பிறகு பிள்ளை தடுமாறினால் என்ன உதவி கிடைக்கும்? ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பெற்றோர் பள்ளியின் தமிழாசிரியரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம்.

சிண்டாவுக்கும் சமூக அமைப்புகளுக்கும் இது ஒரு திருப்பம். பிரிவைப் பார்த்து வகுப்பு நடத்திய காலம் போய்விட்டது. ஒரே பிள்ளைக்குத் தமிழில் ஜி3, கணிதத்தில் ஜி1 என்றிருக்கும்போது, உதவியும் பாடத்தைப் பார்த்துத்தான் போக வேண்டும். விருது விழாக்களிலும் இது தெரிய வேண்டும். எட்டு பாடங்களில் சிறந்த தேர்ச்சி பெற்றவருக்கு மேடையில் கைதட்டும் நாம், ஜி1லிருந்து ஜி3க்கு ஒரு பாடத்தை உயர்த்திய பிள்ளையையும், வடிவமைப்புப் பட்டறையில் சிறந்து விளங்கிய பிள்ளையையும் அதே மேடைக்கு அழைக்கலாம். அதற்குக் கல்வி அமைச்சின் அனுமதி தேவையில்லை.

1956ல் மொழிவழிப் பள்ளிகளுக்கு ஏட்டில் சமத்துவம் வந்தது. அடுத்த கால்நூற்றாண்டில் அது வேலைச் சந்தையில் கரைந்தது. 2024ல் மாணவர்களுக்கு ஏட்டில் சமத்துவம் வந்திருக்கிறது. இந்த முறை அது நிலைக்குமா என்பதை 2027 தேர்வு முடிவுகள் மட்டும் சொல்லிவிடாது. அந்த முதல் தொகுதி வேலைக்குப் போய் வாங்கும் சம்பளமும், அவர்கள் என்ன படித்தார்கள் என்று கேட்கும்போது நம் வீடுகளில் வரும் பதிலின் தொனியும் சேர்ந்துதான் சொல்லும்.